ஒவிலாவுக்கு இன்று மனசு சரியில்லை

அன்று காலை சென்ட் ஓடில் ஊரின் மனநிலை நாற்பத்தொன்றில் நின்றது. ஆர்மான் டூபேயின் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

மடிக்கணினித் திரையில் ஓர் அரைவட்டம். இடது கோடி சிவப்பு, வலது கோடி பச்சை, நடுவில் ஓர் ஊசி. ஊர்க்காரர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் படித்து, எந்த வேட்பாளரைத் திட்டுகிறார்கள், யாரைக் கொஞ்சுகிறார்கள் என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும் மென்பொருள் அது. நகரமன்றத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் நாலே வாரம். ஒரு பக்கம், பத்து வருடமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ரெனால்ட் மிஷோ. இன்னொரு பக்கம், தபால் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூசில் டூபே. ஆர்மானின் மனைவி.

"உன் பொம்மை என்ன சொல்லுது?" என்று அடுப்பருகிலிருந்து கேட்டாள் லூசில். ப்ளோய் அப்பத்துக்கான மாவைக் கல்லில் வட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தொண்ணு."

"நேத்து நாற்பத்திமூணு இருந்துச்சே?"

"ராத்திரி ரெண்டு பேருக்கு மனசு மாறியிருக்கு."

"மாறட்டும். தோத்தா தோத்தேன். வீட்டை வித்துட்டு ஜானின் இருக்கிற இடத்துக்கே போயிடுவோம். என் முட்டி இன்னொரு குளிர்காலம் தாங்காது. ஊருக்கு நான் வேணும்னா இருக்கேன், வேணாம்னா கிளம்பறேன். அவ்வளவுதான் பேச்சு."

ஆர்மான் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். ஜானின் லூசிலின் அக்கா. இருப்பது ஃப்ளோரிடாவில். அங்கே வீடுகளுக்குச் சக்கரம் உண்டு. வாசலில் பிளாஸ்டிக் நாரை உண்டு. குளத்தில் முதலை உண்டு. போன வருடம் பத்து நாள் போயிருந்தபோது, ஜானினின் புருஷன் தினமும் அவனைக் குட்டைக் கால்சட்டை போடவைத்து கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனான். ஆர்மானின் முழங்காலை அதற்கு முன்னால் சூரியன் பார்த்ததே இல்லை.

இங்கேயோ, வீட்டுக்குப் பின்னால் ஆறு. ஜனவரியில் அது உறைந்ததும் நடுவில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்த, தானே பலகை அறுத்துக் கட்டிய மீன்பிடிக் குடிசை. அதில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போட, பக்கத்து வீட்டு ஃபெர்னான். காகித ஆலையில் ஒரே ஷிஃப்டில் சேர்ந்த நாளிலிருந்து ஃபெர்னானோடு அவன் எதிலும் ஒத்துப்போனதில்லை. இந்தத் தேர்தலிலும் இல்லை. ஃபெர்னான், ரெனால்ட் மிஷோவின் ஒன்றுவிட்ட தம்பி. அவருடைய பிரசாரத் தளபதி.

லூசில் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலை. ஆர்மானுக்குத் தேர்தல் என்றால் அவ்வளவுதான்.

ஊரின் பேச்செல்லாம் நடப்பது 'சென்ட் ஓடில் நம்ம ஊரு' என்ற இணையக் குழுவில். ஊரில் மொத்தம் ஆயிரம் பேர்கூட இல்லை. குழுவில் ஆயிரத்து நானூறு பேர். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஆர்மான் கேட்காததற்குக் காரணம் உண்டு. அதில் நாற்பது பேர் அவன்தான்.

போன கோடையில் ரெனால்டை 'முளைவிட்ட உருளைக்கிழங்கு' என்று எழுதியதற்காகக் குழுவிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். பதிலுக்கு எழுதிய ஃபெர்னானையும் நீக்கினார்கள். அதற்குப் பிறகு ஆர்மான் ஒரு பல் வைத்தியராக உள்ளே போனான். துணைக்கு ஒரு பஸ் டிரைவர். பிறகு, எட்விஜ் என்ற விதவை. ஒவ்வொருவருக்கும் தனிக் குணம், தனி வியாதி, தனிச் சமையல் குறிப்பு. நாற்பது பேரும் லூசில் பக்கம். ஆனாலும் ஊசி நாற்பத்தொன்றைத் தாண்ட மறுத்தது.

அன்று மதியம் மென்பொருளின் ஒரு மூலையில், இதுவரை கண்ணில் படாத சின்னக் கட்டம் ஒன்று தென்பட்டது. 'உண்மை மனிதர்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. ஆர்மான் அதை அழுத்தினான்.

ஊசி துள்ளியது. கீழே ஒரு எண் மளமளவென்று இறங்கியது. ஆயிரத்து நானூறு. எழுநூறு. தொண்ணூறு. அவனுடைய பல் வைத்தியர் போனார், பஸ் டிரைவர் போனார், பாவம் எட்விஜும் போனாள். கறுப்புக் கண்ணாடி விற்கிற போலிக் கணக்குகள் கூட்டமாகப் போயின. ஊரின் நிஜ ஜனங்கள், இந்தச் சண்டை தாங்காமல் எப்போதோ குழுவை விட்டு வெளியேறி, பெட்ரோல் பங்க் காப்பி மேஜையில் பேசிக்கொள்ளப் போய்விட்டிருந்தார்கள்.

எண் ஒன்றில் வந்து நின்றது.

ஒவிலா பெல்ட்டியே. வயது எண்பதுக்கு மேல். ஆற்றங்கரைச் சாலை. அவருடைய கடைசிப் பதிவு: 'வாசலில் மறுபடியும் காட்டு வான்கோழிகள். காலும் வலிக்கிறது. யாருக்கும் அக்கறை இல்லை. லூசில் டூபேயாம், தேர்தலாம்.'

ஊசி பத்தொன்பது.

ஆர்மான் நாற்காலியில் சாய்ந்தான். ஊரின் பொதுக்கருத்து யாரென்று தெரிந்துவிட்டது. அதற்குக் கால் வலி.

*

மறுநாள், மாவுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்ட சூடான 'பை' ஒன்றைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மாதா கோயில் விருந்துக்கு என்று லூசில் ஆறு பை செய்து வைத்திருந்தாள். ஒன்று குறைவது தெரியாது. அவளிடம் சொல்லவில்லை. வீடு வீடாகக் கால் தேய நடந்து ஓட்டுக் கேட்கிறவளிடம், 'எல்லாம் வீண், ஊரே ஒரு கிழவர்தான்' என்று எப்படிச் சொல்வது?

ஒவிலாவின் வீட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கனடா. ஆனால் அதை அப்படி யாரும் சொல்வதில்லை. 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வார்கள். லூசிலின் அம்மா அந்தப் பக்கம். ஃபெர்னானின் பாதிச் சொந்தம் அந்தப் பக்கம். பால் வாங்க அங்கே போவார்கள். பெட்ரோல் போட இங்கே வருவார்கள். அந்தப் பக்கத்துக் காவல் கூண்டில் இருப்பவன் தூரத்து உறவு. "என்ன பை?" என்று மட்டும் கேட்டான்.

ஒவிலா கதவைத் திறந்து, பையைப் பார்த்தார். பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

"யாருப்பா?"

"லூசில் டூபேயோட புருஷனுங்க. உங்க கால் எப்படியிருக்குன்னு பார்த்துட்டுப் போலாம்னு."

"என் பையன் மாண்ட்ரியால்ல இருக்கான். அவன் கேட்டதில்ல என் காலை." கிழவருக்குக் கண் கலங்கியது. "உள்ள வா தம்பி. டி.வி. வேற கெட்டுப்போச்சு. உங்க ஊருக் குழுவுல சண்டையைப் படிச்சுத்தான் பொழுது போகுது. அந்தப் பல் டாக்டர் ஒருத்தன் இருக்கான் பாரு, வாயைத் திறந்தா பொய்!"

ஆர்மான் இருமினான்.

திரும்பி வரும்போது இந்தப் பக்கத்துக் கூண்டில் அதிகாரி கார்சா நின்றிருந்தார். டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வந்த பெண்மணி. அதனால் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவருக்கு மட்டும் அது எல்லை.

"எதுக்காகப் போனீங்க சார்?"

"பொதுமக்கள் கருத்தை மாத்த."

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

கார்சா அவனை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் ஒவிலா எழுதியிருந்தார்: 'லூசில் டூபே வீட்டு இறைச்சிப் பை நன்றாக இருந்தது. மேல் மாவு சற்று தடிமன்.' ஊசி அறுபத்தெட்டு. மாவு மெல்லியதாக இருந்திருந்தால் எண்பதைத் தொட்டிருக்கும் என்று ஆர்மான் நெடுநேரம் வருந்தினான்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஊசி முப்பதுக்கு விழுந்தது. 'ரெனால்ட் மிஷோவின் ஆள் வந்து குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுக்கப் பிளந்து அடுக்கிவிட்டுப் போனான். இதுவல்லவோ தலைமை.'

ஆர்மான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஃபெர்னான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கையில் கோடாலி.

அதே மென்பொருள் அவனிடமும் இருந்திருக்கிறது. அவனும் அந்தக் கட்டத்தை அழுத்திவிட்டான்.

அன்றிலிருந்து ஒவிலா பெல்ட்டியேவின் வாழ்க்கை பிரகாசித்தது. ஆர்மான் கூரைத் தகரத்தில் அடைந்திருந்த இலைகளை வாரினான். ஃபெர்னான் சன்னல்களுக்குக் குளிர்காலக் கண்ணாடி மாட்டினான். ஆர்மான் கோழிச்சாறு கொண்டுபோனான். ஃபெர்னான் அதை ஊட்டிவிடவே தயாரானான். ஒரு மாலை கிழவர் பழைய அக்கார்டியனை எடுத்து வாசித்தார். ஃபெர்னான் கை தட்டினான். ஆர்மான் எழுந்து ஆடினான். ஊசி எண்பத்திரண்டு.

வாசலில் இருவரும் எதிர்ப்பட்டால் பேச்சு இப்படித்தான்.

"வெக்கமா இல்ல? கிழவரைப் போய் மயக்கறே."

"ஆடினது யாரு, நானா?"

"அது ஆட்டம் இல்லடா. மக்கள் தொடர்பு."

வான்கோழிகள்தான் இருவருக்கும் பிடிபடவில்லை. பன்னிரண்டு இருந்தன. ஒவிலாவின் முற்றத்தில் நின்றுகொண்டு, விரட்டுகிறவனையே விரட்டின. ஒவிலா தினமும் அவற்றைப் பற்றி எழுதினார், தினமும் ஊசி ஆடியது. வேறு வழியில்லாமல் ஆர்மான் அச்சகத்துக்குப் போய், லூசிலின் துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரியைச் சேர்த்தான்: 'காட்டு வான்கோழிகள் மீது கடும் நடவடிக்கை!'

"வான்கோழியா?" என்றாள் லூசில். "எந்த வான்கோழி? இந்த ஊர்ல நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லயே?"

"மக்கள் கேக்கறாங்க லூசில்."

"எந்த மக்கள்? நான் நேத்து நாற்பது வீடு ஏறி இறங்கினேன். எல்லாரும் சாலைக் குழியைப் பத்திப் பேசறாங்க."

"அது மேலோட்டமான பேச்சு. மனசுக்குள்ள வான்கோழிதான்."

மாதா கோயில் நிலவறையில் இரு வேட்பாளர்களும் நேருக்கு நேர் பேசும் கூட்டம் நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ரெனால்ட் மிஷோ எழுந்து, தொண்டையைச் செருமி, ஃபெர்னான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார். "என் எதிரி வன்முறையில் நம்பிக்கை உள்ளவர். நானோ வான்கோழிகளை இடம் மாற்றிக் குடியமர்த்துவேன்."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மரியாதை தெரிந்த ஊர். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஒருவேளை அடுத்த தெருவில் அந்தத் தொல்லை இருக்கிறதோ என்னவோ என்று தலையாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் பெட்ரோல் பங்கில், "நம்ம பக்கம் இன்னும் வரல. ஆனா வருமாம்" என்று பேச்சு வந்துவிட்டது. இரண்டு பேர் வேலி போட்டார்கள். ஒருவர் நாய் வாங்கினார்.

*

தேர்தல் நாள் காலை. ஊசி லூசிலுக்கு ஐம்பது. பக்கத்து வீட்டில் ரெனால்டுக்கும் ஐம்பதுதான் என்பது ஃபெர்னானின் முகத்திலேயே தெரிந்தது. ஒவிலா எழுதியிருந்தார்: 'இருவரும் நல்லவர்கள். வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் முடிவு செய்வேன்.'

லூசில் விடிந்ததுமே நகரமன்றக் கட்டடத்துக்குப் போய்விட்டாள். அங்கே வாசலில் வழக்கம்போலக் கேக் விற்பனை. போகும்போது, "சாயங்காலம் வேலைக்குப் போனவங்க திரும்பி வர்ற நேரத்துக்கு முன்னால வந்து ஓட்டைப் போட்டுடு. மறந்துடாதே" என்று சொல்லியிருந்தாள்.

"நான் மறப்பேனா?"

மதியம் ஆர்மான் ஒவிலாவின் வாசலில் காரை நிறுத்தியபோது, ஃபெர்னானின் வண்டி ஏற்கனவே நின்றிருந்தது. கிழவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றான் ஃபெர்னான்.

"வழியில அவர் காதுல ஓதவா? என் கார்ல வரட்டும்."

"உன் கார்ல நீ ஓதுவே."

"சண்டை போடாதீங்க தம்பிங்களா" என்றார் ஒவிலா. "ஒரே கார்ல போலாம். நான் முன்னால உக்காரறேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

அப்படியே கிளம்பினார்கள். ஆர்மான் ஓட்டினான். பின்சீட்டில் ஃபெர்னான், முன்பக்கம் சாய்ந்து, ஆர்மானின் உதடுகளைக் கவனித்துக்கொண்டே வந்தான். வான்கோழிகள் சாலை வரை வந்து வழியனுப்பின.

பாலத்தின் இந்த முனையில் அதிகாரி கார்சா குனிந்து பார்த்தார். மூன்று முகம்.

"எந்த நாட்டுக் குடிமக்கள்?"

"அமெரிக்கா" என்றான் ஆர்மான்.

"அமெரிக்கா" என்றான் ஃபெர்னான்.

"கனடா" என்றார் ஒவிலா, உற்சாகமாக.

"சார், நீங்க எதுக்கு வர்றீங்க?"

"ஓட்டுப் போட!"

கார்சா இன்னும் கொஞ்சம் குனிந்து ஒவிலாவைப் பார்த்தார். டெக்சாஸில் அவர் எல்லா விதமான பதிலும் கேட்டிருக்கிறார். இது புதிது.

"இவர் இந்த நாட்டுக்காரர் இல்லையே சார்" என்றார் ஆர்மானிடம்.

"இவரு வெளியூர் ஆளு இல்லம்மா. இங்கதான், பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"ஆமா சார். அதைத்தான் வெளிநாடுன்னு சொல்லுவோம்."

ஆர்மான் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். ஃபெர்னானும் பார்த்தான். நடுவில் கம்பத்தில் இரண்டு கொடிகள் பறந்துகொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கொடிகள்தான். ஒன்றில் இலை இருந்தது.

"அட" என்றான் ஃபெர்னான், மெதுவாக.

ஒவிலாவும் எட்டிப் பார்த்தார். "எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. ஆனா ரெண்டு பேரும் இவ்வளவு அக்கறையா கூப்பிடறாங்களே, சட்டம் மாறியிருக்கும்னு நினைச்சுட்டேன்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றார் கார்சா.

*

உள்ளே ஒரு நீளமான பெஞ்ச். மேலதிகாரி வந்தார், அவருக்கு மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். வெளிநாட்டவரை ஓட்டுப் போடக் கூட்டி வருவது விளையாட்டில்லை என்று ஒவ்வொருவரும் ஒருமுறை சொன்னார்கள். ஆர்மான் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். ஊசி, கட்டம், பை, நடனம். மேலதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "வான்கோழி எத்தனை?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றதும் அதை மட்டும் குறித்துக்கொண்டார்.

ஒவிலாவுக்கு ஒரு கோப்பைக் காப்பியும் டோனட்டும் கொடுத்தார்கள். அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. ஆர்மான் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"என்னடா இது? தேர்தல்தானே?" என்றான் ஃபெர்னான். "ஜெயிலுக்கா போடப் போறாங்க?"

"ஜெயில்னாலும் பரவால்ல. இங்கயே பக்கத்துல இருக்கும்." ஆர்மான் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "லூசில் தோத்தா ஃப்ளோரிடா. வீட்டை விக்கறா. ஜானின் வீட்டுக்கு நிரந்தரமா."

ஃபெர்னான் பெஞ்சில் அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"நிரந்தரமாவா?"

"நிரந்தரமா."

"குடிசை?"

"அங்க ஐஸ் ஏது? தண்ணி முழுக்க முதலை."

"ஏன்டா இதை முதல்லயே சொல்லல?"

"சொன்னா ரெனால்டை விட்டுடுவியா? உன் சொந்தம்."

"விடமாட்டேன். ஆனா கொஞ்சம் மெதுவா வேலை பார்த்திருப்பேன்ல? அந்த விறகு முழுக்கப் பிளந்திருக்க மாட்டேன். முதுகே போச்சு எனக்கு." ஃபெர்னான் எழுந்து இரண்டு எட்டு நடந்து திரும்பி வந்தான். "நீ போய்ட்டா நான் யார் கூடடா சண்டை போடுவேன்? என் ஐம்பது பேரும் யார்கிட்டப் பேசுவாங்க? அந்தப் பல் டாக்டர் நீதானே?"

"நான்தான்."

"தெரியும். பல்லைப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியல." சற்று யோசித்தான். "பஸ் டிரைவர்?"

"அவனும்."

ஃபெர்னானின் முகம் மெல்ல மாறியது. "எட்விஜ்?"

ஆர்மான் தரையைப் பார்த்தான்.

"டேய்! லியோ யாருன்னு நினைச்சே? நான்டா! அவகிட்ட மனசைக் கொட்டியிருக்கேன்டா நான்! போன மாசம் வசந்தத்துல கல்யாணம்னு பேசியிருக்கோம்!"

"நல்ல மனுஷன் அந்த லியோ" என்றான் ஆர்மான், நிஜமான வருத்தத்தோடு. "எட்விஜுக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

மூலையில் டோனட்டை விழுங்கிய ஒவிலா, "அப்ப குழுவுல இருந்தது நான் மட்டுந்தானா?" என்று கேட்டார்.

யாரும் எதிலும் ஓட்டுப் போடவில்லை, ஆகவே குற்றம் நடக்கவில்லை, நடக்கப் பார்த்தது முட்டாள்தனம் மட்டுமே என்று கடைசியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கார்சாவே ஒவிலாவைத் தன் வண்டியில் பாலத்தின் பாதி வரை கொண்டுபோய் விட்டார்.

ஆர்மான் ஃபெர்னானோடு காரை விரட்டிக்கொண்டு நகரமன்றத்துக்கு வந்தபோது கேக் மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாக்குச் சாவடி மூடியாகிவிட்டது. எண்ணியும் ஆகிவிட்டது. உள்ளே கூட்டம் அசையாமல் நின்றிருந்தது.

எழுத்தர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். லூசில் டூபே, இருநூற்றுப் பதினொன்று. ரெனால்ட் மிஷோ, இருநூற்றுப் பதினொன்று.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு லூசில் வந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே நீ? ஒரு ஓட்டு! ஒரே ஒரு ஓட்டு ஆர்மான்! சொந்தப் புருஷன் ஓட்டு!"

கூடத்தின் இன்னொரு மூலையில் ரெனால்ட் ஃபெர்னானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார், புருஷன் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

"பொதுமக்களைக் கூட்டிட்டு வரப் போனேன்" என்றான் ஆர்மான்.

"யாரை?"

"ஒவிலா பெல்ட்டியே."

லூசில் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன்" என்றாள். "அந்தப் பேருக்கு ஒரு கடுதாசிகூட நான் பிரிச்சுப் போட்டதில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அந்த ஆளு அந்தப் பக்கம்!"

"வெளிநாடுன்னு சொல்றாங்க லூசில்" என்றான் ஆர்மான் தாழ்ந்த குரலில்.

எழுத்தர் அம்மாள் மேஜையைத் தட்டினார். வாக்குகள் சமமானால் விதிப்படி மறுதேர்தல். ஜனவரியில்.

ஆர்மானின் காதில் அந்த ஒரு சொல் மணியாக விழுந்தது. ஜனவரி. ஆறு உறைந்திருக்கும்.

"அப்ப ஃப்ளோரிடா?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"மறுதேர்தலை வெச்சுக்கிட்டு எவ ஃப்ளோரிடா போவா?" என்று சீறினாள் லூசில். "ஆனா கேட்டுக்கோ. அந்தப் பொம்மையை இனிமே நீ தொடக் கூடாது. என்கூட வீடு வீடா நடக்கறே. வான்கோழிங்கிற வார்த்தையை எவன் வாயிலயாவது கேட்டேன், நாளைக்கே டிக்கெட்."

*

அன்றிரவே பை முதல் நடனம் வரை எல்லாவற்றையும் ஆர்மான் லூசிலிடம் ஒப்புக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆர்மான் மடிக்கணினியைத் திறந்தான். கடைசியாக ஒருமுறை. பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

ஊசி மூன்றில் கிடந்தது.

'நாலு வாரம் சோறு போட்டார்கள். விறகு பிளந்தார்கள். ஆடிக்கூடக் காட்டினார்கள். ஓட்டுப் போடுகிற நேரத்தில் நீ வெளிநாட்டுக்காரன் என்கிறார்கள். இரண்டு பேருமே மோசம். எல்லையில் அந்தப் பெண் அதிகாரி தங்கமானவள். அவள் நின்றால் அவளுக்குத்தான் என் ஆதரவு.'

"என்ன அது?"

லூசில் பின்னால் நின்றிருந்தாள். தலையில் துண்டு.

"ஒண்ணுமில்ல. மூடறேன்."

"இரு. மூணா? நமக்கு மூணா? நேத்து இருநூத்துப் பதினோரு பேர் போட்டாங்களே, இது என்ன மூணு?"

"ஒவிலாவுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல."

"அந்த ஆளுக்கு ஓட்டே கிடையாது."

"கிடையாது."

"அப்புறம் அவன் என்ன நினைச்சா நமக்கென்ன?"

"ஒண்ணுமில்ல" என்றான் ஆர்மான்.

லூசில் அடுப்பு வரை போனாள். கல்லைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

"ரெனால்டுக்கு எவ்வளவு?"

ஆர்மான் சன்னலைத் திறந்து குரல் கொடுத்தான். பக்கத்து வீட்டு சன்னல் அரை அங்குலம் திறந்தது. இரண்டு விரல்கள் வெளியே நீண்டன.

"ரெண்டு" என்றான்.

லூசில் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலைத் துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மாவு டப்பாவை இறக்கினாள்.

"அவனுக்கு மேல் மாவு எப்படி இருக்கணும்னு சொன்னே?" என்று கேட்டாள். "மெல்லிசாவா?"